பொம்மையா, ட்ரோனா? முதல் ஜெட் மாதிரி விமானம் வாங்குவோரின் பாடு

புதுதில்லி: சுங்கவரி அட்டவணையில் 9503 என்றொரு தலைப்பு உண்டு. மூன்று சக்கர சைக்கிள், பாவை, பொம்மை ஆகியவற்றோடு, இயங்கக்கூடியதோ இயங்காததோ, சிறிய அளவில் செய்யப்பட்ட மாதிரிகளும் அதில் அடங்கும். 8806 என்பது மற்றொரு தலைப்பு. அது ஆளில்லா விமானங்களுக்கு உரியது. அசல் ஜெட் என்ஜினின் தத்துவத்திலேயே இயங்கும் என்ஜினை வயிற்றில் சுமந்து, தரையில் நிற்பவரின் கையிலுள்ள ரேடியோ கருவிக்குக் கட்டுப்பட்டு, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் 10 கிலோ மாதிரி விமானம் ஒன்று பெட்டியில் வந்து இறங்கினால் அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?

கேள்வி வேடிக்கையானதல்ல. பொம்மை என்றால் வரி. ட்ரோன் என்றால் தடை. பொம்மைகள் மீதான சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. ட்ரோன் இறக்குமதியையோ 2022 பிப்ரவரி 9-ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அடியோடு தடை செய்தது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி ஆகிய தேவைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. முழுமையாகப் பொருத்தப்பட்டு வந்தாலும், பாதி பிரித்து வந்தாலும், முற்றிலும் பிரித்துப் பெட்டியில் அடைத்து வந்தாலும் தடை தடைதான். உதிரி பாகங்களுக்கு மட்டும் தடையில்லை. கேளிக்கைக்கென்றே செய்யப்பட்ட பறக்கும் பொம்மைகள் 8806-இல் சேராது என்று அட்டவணை கூறுகிறது. ஆனால் விமானப் பெட்ரோலை ஒத்த எரிபொருளைக் குடித்து, 600 டிகிரி வெப்பத்தைக் கக்கும் இயந்திரத்தைப் பொம்மை என்று எழுதிக் கையெழுத்திட எந்த அதிகாரிக்கு மனம் வரும்?

வெளிநாடுகளில் இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக நுழைபவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த விமானத்தை வாங்குவது என்பது. இந்தியாவில் அக்கேள்வி இரண்டாவதாகவே வருகிறது. முதல் கேள்வி, தான் வாங்கப்போவது சட்டத்தின் பார்வையில் என்ன என்பதுதான்.

மரச் சக்கரத்தில் தொடங்கிய கதை

மாதிரி விமானங்களுக்கான ஜெட் என்ஜின் பெரிய தொழிற்சாலைகள் ஈன்ற பிள்ளையல்ல, பட்டறைகளில் பிறந்தது. 1980-களில் பிரிட்டனிலும் பிரான்ஸிலும் புரொப்பேன் வாயுவில் இயங்கும் சிறிய என்ஜின்கள் தோன்றின. ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் வீட்டுப் பட்டறையில் செய்யத்தக்க ஓர் என்ஜினை வடிவமைத்து, அதன் செய்முறையை நூலாகவும் வெளியிட்டார். அதில் காற்றை அழுத்தும் சக்கரம் ஒட்டுப்பலகையால் ஆனது. கார்பன் இழையால் சுற்றி வலுவூட்டப்பட்டது. அதன் பின்னர் லாரி, கார் என்ஜின்களின் டர்போசார்ஜரில் உள்ள சக்கரங்களைக் கொண்டு என்ஜின்கள் உருவாயின. இன்று ஜெர்மனி, ஸ்பெயின், தைவான், சீனா எனப் பல நாடுகளில் இவை ஆலைப் பொருளாகிவிட்டன.

சுமார் 100 நியூட்டன் உந்துவிசை தரும் என்ஜின் ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான் இருக்கும். கைக்கு அடக்கமான அந்த உருளைக்குள் சுழலி நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறை சுற்றுகிறது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டருக்குக் குறையாமல் எரிபொருள் குடிக்கிறது. மூன்று லிட்டர் கலம் நிரப்பினால் எட்டு அல்லது பத்து நிமிடப் பறத்தல். என்ஜின் விலை மட்டும் 1,500 முதல் 3,000 அமெரிக்க டாலர் வரை ஆகிறது. விமான உடல், ரேடியோ, சர்வோ மோட்டார்கள், சக்கரங்கள், வரி என்று கூட்டிப் பார்த்தால் சில லட்சம் ரூபாயைத் தொடும். நடுத்தரக் குடும்பத்தின் கார் விலைக்கு நெருக்கமான தொகை முதல் நாளிலேயே தரையில் மோதிப் பொடியாகக்கூடும் என்பதால்தான் முதல் தேர்வு முக்கியமாகிறது.

போர் விமானம் மீது வரும் ஆசை

புதியவர் மனம் போர் விமானத்தின் மீதுதான் செல்லும். சுகோய், எஃப்-16, மிராஜ் ஆகியவற்றின் அச்சு அசலான வடிவங்கள் கண்ணைக் கவரும். இத்துறையில் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள் ஒருமித்துச் சொல்வது, முதல் விமானம் அதுவாக இருக்கக் கூடாது என்பதே. நேரான, தடித்த இறக்கை. உறுதியான, அகன்ற சக்கரங்கள். திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் என்ஜின் ஆகியவை கொண்ட பயிற்சி ஜெட்டே முதல் தேர்வு. ‘பூமராங்’ வரிசை மாதிரிகள் உலகெங்கும் பயிற்சிக்குப் பேர்போனதற்குக் காரணம் இதுதான். அவற்றில் என்ஜின் முதுகில் வெளிப்படையாக அமர்ந்திருக்கும். வால், இரு தண்டுகளில் பின்னே நீளும். அழகில் குறை உண்டு. ஆனால் தீப்பிடித்தால் உடனே தெரியும். எரிபொருள் குழாயில் காற்றுக்குமிழி வந்தால் கண்ணில் படும். மெதுவாக இறங்கினாலும் இறக்கை கைவிடாது.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. காற்றாடி பொருத்திய மாதிரி விமானத்தில் விசையைக் கூட்டியதும் இறக்கை மீதும் வால் மீதும் காற்று பாய்கிறது. விமானம் நொடியில் பதிலளிக்கிறது. ஜெட்டில் அந்தக் காற்று கிடையாது. அதைவிட ஆபத்தானது தாமதம். தாழ்ந்த வேகத்திலிருந்து முழு வேகத்துக்கு என்ஜின் ஏறச் சில நொடிகள் பிடிக்கும். இறங்கும்போது ‘வேகம் போதவில்லை’ என்று உணர்ந்த பிறகு விசையைக் கூட்டினால் காலம் கடந்துவிடும். மாறாக, மிகக் குறைந்த நிலையிலும் என்ஜின் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கும். தரையில் இறங்கிய பிறகும் விமானம் நிற்க மறுக்கும். ஆகவே பயிற்சி ஜெட்டில் பிரேக் அலங்காரப் பொருளல்ல.

வட இந்தியச் சூழலில் இன்னொரு கணக்கும் உண்டு. என்ஜின் மீது அச்சிட்டுள்ள உந்துவிசை, 15 டிகிரி வெப்பத்தில், கடல் மட்டத்தில் அளந்தது. மே மாதத் தில்லியின் 45 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது, உந்துவிசையும் குறைகிறது, ஓடுபாதையின் தேவையோ கூடுகிறது. ஜெர்மானியப் பட்டியலைப் பார்த்து, எடைக்கு மட்டுமட்டான என்ஜினை வாங்குபவர் இங்கே கோடையில் ஏமாறுவார். பெங்களூரு போன்ற மேட்டு நிலத்திலும் இதே கதைதான்.

என்ஜினைத் தேர்ந்தெடுக்கையில் விலையை மட்டும் பார்ப்பவர் பிறகு வருந்த நேரும். பல நிறுவனங்கள் சுமார் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்ஜினைத் தொழிற்சாலைக்கு அனுப்பித் தாங்கிகளைச் சோதிக்கச் சொல்கின்றன. ஜெர்மனிக்கோ தைவானுக்கோ அனுப்பித் திரும்பப் பெறுவது என்றால் மறுபடியும் சுங்கத் துறை, மறுபடியும் அதே 9503, 8806 வாதம். எங்கே பழுது பார்ப்பார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். விலை அதன் பின்னர்.

ரேஷன் கடையும் ஜெட் என்ஜினும்

எரிபொருள் விஷயத்தில் அரசியல் இன்னும் நெருங்கி வருகிறது. இந்த என்ஜின்களுக்கு உகந்தது சுத்தமான மண்ணெண்ணெய் அல்லது விமானங்களுக்கான டர்பைன் எரிபொருள். அதோடு நான்கு, ஐந்து சதவீதம் டர்பைன் எண்ணெய் கலக்க வேண்டும். தாங்கிகளுக்கு வேறு மசகு கிடையாது. மானிய மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்திருக்கும். 1993-ஆம் ஆண்டு உத்தரவின்படி அதைச் சமையலுக்கும் விளக்குக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஏழையின் அடுப்புக்கு உரியதைப் பொழுதுபோக்குக்கு எரிப்பது நியாயமும் அல்ல. தில்லியோ 2014-லேயே மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. விமான எரிபொருளைச் சில்லறையில் வாங்கப் பங்க் கிடையாது. ஆகவே பெரும்பாலோர் நாடுவது டீசலை. பல தயாரிப்பாளர்கள் டீசலை அனுமதிக்கின்றனர். புகையும் வாடையும் சற்று அதிகம், அவ்வளவே. முதல் என்ஜின் வாங்குபவர், கையேட்டில் டீசல் அனுமதிக்கப்பட்டுள்ளதா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

தீயணைப்புக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூள் வகைக் கருவி தீயை அணைக்கும்; என்ஜினையும் சேர்த்து அழித்துவிடும். கார்பன் டை ஆக்சைடு கருவிதான் தேவை. என்ஜின் ஓடும்போது சுழலிக்கு நேர் பக்கவாட்டில் எவரும் நிற்கக் கூடாது.

25 கிலோ வரை ‘மாதிரி’

சட்டத்துக்கு வருவோம். 2014 அக்டோபர் 7-ஆம் தேதி விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், விதிமுறைகள் வரும் வரை அரசு சாராத எவரும் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்தது. விதிமுறைகள் வரவே ஆண்டுகள் பிடித்தன. 2021 மார்ச்சில் வந்த விதிகள் கடுமையானவை என்று எதிர்ப்புக் கிளம்ப, அதே ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி தாராளமான ட்ரோன் விதிகள் அறிவிக்கப்பட்டன. படிவங்கள் 25-லிருந்து 5 ஆயின. கட்டண வகைகள் 72-லிருந்து 4 ஆயின. இரு மாதங்களுக்கு முன்புதான், ஜூன் 27-ஆம் தேதி, ஜம்மு விமானப் படைத் தளத்தின் மீது ட்ரோன் மூலம் குண்டு வீசப்பட்டிருந்தது. அந்தச் சூழலிலும் அரசு தளர்த்தியது பாராட்டத்தக்கதே.

அவ்விதிகளில் ‘மாதிரி’ என்பதற்கு விளக்கம் உண்டு: 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும், கண்ணுக்கு எட்டும் தொலைவில் இயக்கப்படுவது. டர்பைன் ஜெட் இதற்குள் கச்சிதமாக அடங்குகிறது. இதற்குக் கிடைத்த முக்கியச் சலுகை, வகைச் சான்றிதழ் தேவையில்லை என்பது. மற்றவற்றில் ட்ரோனுக்கு என்ன சட்டமோ இதற்கும் அதுவே.

தொலைநிலை விமானிச் சான்றிதழிலிருந்து விலக்கு பெறுபவை 250 கிராம் வரையிலான நேனோ வகையும், வணிக நோக்கமின்றி இயக்கப்படும் இரண்டு கிலோ வரையிலான மைக்ரோ வகையும்தான். டர்பைன் ஜெட்டுகள் பெரும்பாலும் ஐந்து கிலோவைத் தாண்டுபவை. எனவே சான்றிதழ் வேண்டும். அதற்கு 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி பெற வேண்டும். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களும் இதே எடைப் பிரிவில்தான் வருகின்றன. பயிற்சி நிறுவனங்கள் பெரும்பாலும் கற்றுத் தருவது அந்தப் பல்சுழலி ட்ரோன்களைத்தான். கையை எடுத்தால் அந்தரத்தில் நிற்கும் கருவியில் சில நாள் பயிற்சி பெற்றவர், கையை எடுத்தால் நொடிக்கு 60 மீட்டர் ஓடும் ஜெட்டை இயக்கத் தகுதி பெற்றவர் ஆகிவிடுகிறாரா? மாறாக, இருபது ஆண்டுகளாக மாதிரி விமானங்களை ஓட்டும் கைதேர்ந்தவர் அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் சட்டத்தை மீறியவர். அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

பதிவு எண்ணிலும் சிக்கல் உண்டு. அது தயாரிப்பாளர் தரும் வரிசை எண்ணோடும், பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவி, தரைக் கருவி ஆகியவற்றின் எண்களோடும் இணைக்கப்படுகிறது. வீட்டில் பால்சா மரத்தை வெட்டி ஒட்டியவர் எந்தத் தயாரிப்பாளரின் எண்ணைக் காட்டுவார்? மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதிகள் பொருந்தும் என்கிறது விதி. இது நல்ல ஏற்பாடே. 10 கிலோ விமானம் ஒருவர் தலையில் விழுந்தால் நஷ்டஈடு யாராவது தந்தாக வேண்டும்.

உண்மையான குறை 42-ஆம் விதியில் இருக்கிறது. ஆராய்ச்சி, சோதனைக்காக இயக்குவோருக்குப் பதிவு எண், சான்றிதழ் எல்லாவற்றிலிருந்தும் விலக்கு தரும் விதி அது. அரசு ஆய்வு நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள், அங்கீகரிக்கப்பட்ட புதிய தொழில் நிறுவனங்கள், ஜி.எஸ்.டி. எண் பெற்ற தயாரிப்பாளர்கள் எனப் பட்டியல் நீள்கிறது. தம் வளாகத்துக்குள், பச்சை மண்டலத்தில் இயக்கினால் போதும். இந்தப் பட்டியலில் மாதிரி விமானக் கழகங்கள் இல்லை. நிறுவனமாக இருந்தால் நம்பலாம், ஆர்வலர் என்றால் நம்ப முடியாது என்பது இதன் பொருள்.

அச்சமும் நியாயமே

உள்துறையின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ரிமோட் மூலம் இயங்கும் போர் விமான மாதிரிகளில் வெடிமருந்து ஏற்றி, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் தாக்கத் திட்டமிட்டதாக ரெஸ்வான் ஃபெர்தாஸ் என்பவர் 2011-இல் அந்நாட்டில் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு அவருக்கு 17 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குடியரசு தினம், சுதந்திர தினம் நெருங்கும்போதெல்லாம் தில்லி காவல் துறை ட்ரோன், பாராகிளைடர், சிறிய ரக விமானம் எல்லாவற்றுக்கும் தடை உத்தரவு பிறப்பிப்பது வழக்கம். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது மும்பை உள்ளிட்ட இடங்களிலும் தடை வந்தது. குடியரசுத் தலைவர் மாளிகையும் நாடாளுமன்றமும் இருக்கும் நகரில் ஜெட் மாதிரியைப் பறக்கவிட எவரும் கோரவில்லை. கோரிக்கை, ஊருக்கு வெளியே வரையறுத்த ஒரு திடல் வேண்டும் என்பதே.

அமெரிக்காவில், 1936-இல் தொடங்கப்பட்ட மாதிரி விமானக் கழகம் டர்பைன் விமானங்களுக்குத் தனி அனுமதி முறை வைத்திருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் முன்னிலையில் அந்த வகை விமானத்தையே ஓட்டிக் காட்டி அனுமதி பெற வேண்டும். தீயணைப்புக் கருவி முதல் வேக வரம்பு வரை விதி உண்டு. பென்டகன் வழக்குக்குப் பிறகும் அந்த முறை ஒழிக்கப்படவில்லை. எடையை மட்டும் பார்க்காமல் என்ஜினையும் ஓட்டுநரின் கையையும் பார்க்கும் முறை அது. இந்தியாவுக்குத் தேவை இதுபோன்றதே.

இழப்பு சில செல்வந்தர்களின் பொழுதுபோக்கு மட்டும்தானே என்று கேட்கலாம். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை ஒரு பயிற்சியாகவே இருக்கிறது, போட்டிகளும் நடக்கின்றன. அந்த மாணவர் படையை விட்டு வெளியே வந்ததும் தொடர வழியில்லை. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு இரண்டு கிலோவே எல்லை. மறுபுறம், இலக்கு விமானமான ‘லக்ஷ்யா’வுக்கு ஹெச்.ஏ.எல். நிறுவனமும், ஏவுகணைக்கு பெங்களூருவிலுள்ள எரிவாயு விசையாழி ஆய்வு நிறுவனமும் சிறிய ஜெட் என்ஜின்களை அரும்பாடுபட்டு உருவாக்கின. போர் விமான என்ஜினில் பல்லாண்டு தடுமாறும் நாட்டில், 20 வயதில் ஒரு டர்பைனைக் கழற்றி மாட்டத் தெரிந்த இளைஞர்கள் எத்தனை பேர் இருந்தாலும் போதாது.

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக ‘பாரதிய வாயுயான் அதிநியம்’ 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மீதான விவாதத்தில் தமிழக உறுப்பினர்களின் ஆட்சேபம் பெரும்பாலும் இந்திப் பெயரைப் பற்றியதாகவே பத்திரிகைகளில் இடம்பெற்றது. ஆட்சேபம் நியாயமானதே, ஆயினும் உள்ளடக்கமும் அந்த அளவுக்கு அலசப்பட்டிருக்கலாம். ட்ரோன்களுக்கென்றே தனி வரைவு மசோதா 2025 செப்டம்பர் 16-ஆம் தேதி வெளியிடப்பட்டு, செப்டம்பர் 30 வரை கருத்துக் கேட்கப்பட்டது. விதி மீறலுக்குச் சிறைத் தண்டனை தரும் பிரிவுகளும் அவ்வரைவில் இருந்தன. அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்ற நிலை மாறி, சிறை என்று வரும்போது, பொழுதுபோக்குக்கான மாதிரி எது, ட்ரோன் எது என்பதைத் தெளிவாகப் பிரித்து எழுதும் கடமை நாடாளுமன்றத்துக்குக் கூடுகிறது.

இந்நிலையில் புதியவர் என்னதான் செய்வது? அனுபவசாலிகள் காட்டும் வழி, டர்பைனை ஓரிரு ஆண்டு தள்ளிவைத்து மின்விசிறி ஜெட்டில் தொடங்குவது. நுரை உடலுக்குள் மின்மோட்டாரால் சுழலும் விசிறி கொண்ட இவையும் முன்னால் காற்றாடி இல்லாதவை. டர்பைனின் வேகமும் இறங்கும் முறையும் இதில் கைவரும். 64, 70 மில்லிமீட்டர் விசிறி கொண்ட மாதிரிகள் பல இரண்டு கிலோவுக்குள் அடங்கும். எனவே விமானிச் சான்றிதழ் தேவைப்படாது. ஆனால் சட்டம் சொல்வது மொத்த எடை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எடை பல நேரங்களில் மின்கலம் சேராதது. வாங்கும்முன் மின்கலத்தையும் தராசில் சேர்த்து வைத்துப் பார்ப்பது நல்லது. 1,700 கிராம் விமானத்தில் 400 கிராம் மின்கலம் ஏறினால் அது மைக்ரோ அல்ல.